கடவுச்சீட்டும் மாணவர் வீசாவும்

யாழ்ப்பாணத்தவர் கல்வியை நாடிக் கடல் கடந்து செல்லுதல் இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 1857ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக விளங்கியவர்கள் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் என்பது குடாநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அவர்கள் பாக்கு நீரிணையைக் கடந்த காலத்தில், இன்று வழங்கும் பொருளிலே கடவுச்சீட்டு என ஒன்று வேண்டப்படவில்லை. முதல் உலகப் போருக்குப் பின்னர், 1920ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் கூடிய மாநாடு ஒன்றே அச்சீட்டுக்குப் பொதுவான ஓர் உருவத்தை வகுக்க முற்பட்டது. இலங்கையில் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டமும், அடுத்த ஆண்டு நவம்பர் முதலாந் திகதி தொடங்கிய திணைக்களமும் இத்துறைக்கு அடித்தளமாயின. இன்று யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவன் இலண்டனிலோ தொறொன்ரோவிலோ மெல்பேணிலோ சென்னையிலோ படிக்கின்றான் எனில், அவன் கையில் இரண்டு காலக்கெடுக்கள் உள்ளன. ஒன்று கடவுச்சீட்டினுடையது, மற்றையது வீசாவினுடையது. இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே வேளையில் முடியுமாயின் அவன் படும் இடர் சிறிதன்று.

கடவுச்சீட்டு, ஒருவன் இன்ன நாட்டின் குடிமகன் என்று அவனுடைய நாடு கூறும் சான்று. வீசாவோ, அவன் தன் மண்ணில் இத்துணைக் காலம் இன்ன நோக்கத்துக்காகத் தங்கலாம் என்று மற்றொரு நாடு கூறும் இசைவு. தருபவர் வேறு, சட்டம் வேறு, காலம் வேறு. ஆயினும் இரண்டாவது முதலாவதன்மேல் எழுதப்படுகின்றது, அல்லது முதலாவதன் இலக்கத்தோடு பிணைக்கப்படுகின்றது. சுவர் வேறு ஒருவருடையதாகவும் அதில் தீட்டிய ஓவியம் வேறு ஒருவருடையதாகவும் இருப்பது போன்ற நிலை இது.

இங்கே ஒரு சொல் மாணவர் பலரை மயக்குகின்றது. 'கடவுச்சீட்டைப் புதுப்பித்தல்' என்பர். கையால் எழுதிய கடவுச்சீட்டுகள் வழங்கிய காலத்திலே, காலம் முடிந்ததும் ஒரு முத்திரை குத்தி மேலும் சில ஆண்டுக்கு நீட்டித் தரும் முறை பல நாடுகளில் இருந்தது. அச்சொல் அந்நாளின் எச்சம். மொன்றியலைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த விதிகளின்படி, 2010ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து எல்லா நாடுகளும் பொறியால் வாசிக்கத்தக்க கடவுச்சீட்டுகளையே வழங்க வேண்டியதாயிற்று. பொறி வாசிக்கும் வரியிலே முடிவுத் திகதியும் அடங்கியிருத்தலால், முத்திரை குத்தி நீட்டுதற்கு இடமில்லை. ஆகவே இன்று நடப்பது புதுப்பித்தலன்று. பழையதை இரத்துச் செய்து, புதிய இலக்கத்தோடு புதியதொன்றைத் தருதலேயாம். இலக்கம் மாறுகின்றது என்பதைக் கருத்திற் கொண்டால், பின்வரும் சிக்கல்களுட் பெரும்பாலானவற்றின் காரணம் தானே விளங்கும்.

இலங்கைக் கடவுச்சீட்டு, வளர்ந்தோருக்குப் பத்து ஆண்டு செல்லும். நான்கு ஆண்டுப் படிப்புக்குச் செல்பவனுக்குப் பத்து ஆண்டு போதாதா என்று கேட்கலாம். க.பொ.த. உயர்தரம் படிக்குங் காலத்தில், பதினேழு வயதில், குடும்பத்தோடு சிதம்பரம் சென்று வருவதற்காகக் கடவுச்சீட்டு எடுத்த பிள்ளை, அதே சீட்டோடு இருபத்து மூன்றாம் வயதில் முதுகலைப் படிப்புக்குப் போகின்றது. ஒரு படிப்பு முடிந்து மற்றொன்று தொடங்கும்போது வீசா முடிகின்றது. அவ்வேளை கடவுச்சீட்டும் தன் பத்தாம் ஆண்டின் இறுதியை எட்டுகின்றது. பிள்ளைக்கு வயது இருபத்தாறோ இருபத்தேழோ. வீட்டிலே காணி ஈடு வைக்கப்பட்டிருக்கும். தாயின் தாலிக்கொடி தவிர்ந்த நகைகள் அடைவு கடையில் இருக்கும். ஒரு திகதி தவறினால் இழக்கப்படுவது ஒரு தவணைப் படிப்பு மட்டுமன்று.

தாயகத்து நிலைமையும் இதனோடு சேர்ந்து கொள்வதுண்டு. 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது நாட்டில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்தின் முன் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். அவ்வாண்டு யூலையில் அவ்வரிசையில் நின்ற பெண் ஒருத்தி குழந்தை பெற்றாள். 2024இலோ வேறொரு முடை: அச்சிடாத வெற்றுப் புத்தகங்களின் இருப்பே குறைந்துவிட்டது. மின்னணுக் கடவுச்சீட்டுக்கான கேள்விப்பத்திர விவகாரமும் இடையிற் புகுந்தது. நாளொன்றுக்கு வழங்கும் தொகை சுருங்க, வரிசை மீண்டும் நீண்டது. புதிய புத்தகங்கள் ஒக்டோபரில் வரத்தொடங்கிய பின்னரே நெருக்கடி தணியலாயிற்று. இவ்வரிசைகள் கொழும்பில் உள்ளோருக்கு மட்டும் உரியன என்று வெளிநாட்டில் இருக்கும் மாணவன் எண்ணுதல் தவறு. அவன் தூதரகத்திற் கொடுக்கும் விண்ணப்பமும் இறுதியில் அதே பத்தரமுல்லைக்கே வந்து, அதே அச்சுக்கூடத்தில் இடம் பெற்றுத் திரும்ப வேண்டும். கொழும்பில் ஒரே நாளிற் கிடைக்கும் சேவை தூதரகத்தின் வழியே கிடையாது, வாரங்கள் செல்லும், சில வேளை மாதங்களும் செல்லும். அவசர நிலையில் தூதரகம் கொடுக்கும் தற்காலிகப் பயணப் பத்திரமோ தாயகம் திரும்புதற்கு உதவுவது. அதனை நம்பி வீசாவை நீட்ட முயலுதல் ஆற்றைக் கடக்கக் குடத்தை நம்பியது போலாகும்.

இந்நிலையில் எதை முதலிற் செய்வது? கடவுச்சீட்டையே முதலிற் பெறுக என்பது பொதுவிதி. அது முடிதற்கு ஓராண்டு இருக்கும்போதே தொடங்குதல் நன்று. ஆனால் பொதுவிதிக்கு ஓர் எல்லை உண்டு. புதிய சீட்டு வரும்வரை காத்திருந்து, வீசாவின் இறுதி நாளைக் கடந்துவிட்டவன், சட்டத்தின் கண்ணில் அனுமதியின்றித் தங்கியவனாகி விடுகின்றான். கடவுச்சீட்டு முடிந்து போனால் புதியது பெறலாம்; அதனால் ஒருவனுடைய குடியுரிமை போய்விடுவதில்லை. வீசா முடிந்து போனாலோ மீட்பது அரிது. எனவே இரண்டிலொன்று தவறத்தான் போகின்றது என்ற நிலை வந்தால், வீசாவின் நாளையே காத்தல் வேண்டும்.

இதனை நாடு நாடாகப் பார்த்தல் பயன் தரும். ஏனெனில் ஒரு நாட்டின் வழக்கத்தை மற்றொரு நாட்டுக்கு ஏற்றிச் சொல்லும் உறவினர்களாலும் தரகர்களாலுமே பாதித் தொல்லை விளைகின்றது.

கனடாவில் படிப்பு அனுமதி, பொதுவாகக் கடவுச்சீட்டின் இறுதி நாளைத் தாண்டி வழங்கப்படுவதில்லை. படிப்பு இரண்டு ஆண்டு இருந்தாலும் கடவுச்சீட்டு ஏழு மாதமே செல்லுமாயின், அனுமதியும் ஏழு மாதமே. பின்னர் புதிய சீட்டோடு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் மீண்டும். அனுமதி முடிதற்குக் குறைந்தது முப்பது நாள் முன்னராவது விண்ணப்பிக்குமாறு அந்நாட்டுத் திணைக்களம் அறிவுறுத்துகின்றது. உரிய காலத்தில் விண்ணப்பித்தவன், முடிவு வரும்வரை முன்னைய நிபந்தனைகளின்படியே நாட்டினுள் இருந்து படிக்கலாம். தவறவிட்டவனுக்குத் தொண்ணூறு நாளுக்குள் தன் நிலையை மீட்டுத் தருமாறு கேட்கும் வழி ஒன்று உண்டு. ஆனால் மீளும்வரை அவன் வகுப்பில் இருத்தல் ஆகாது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கனடாவில் படிப்பு அனுமதி வேறு, நாட்டினுள் நுழையும் வீசா வேறு. கையில் அனுமதி இருக்கின்றது என்று நம்பித் தங்கையின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் வந்தவன், நுழைவு வீசா முடிந்திருந்தால் மீளப் புக முடியாமல் நிற்பான்.

பிரித்தானியாவில் நிலைமை வேறு. அங்கே தங்கும் அனுமதி இப்போது மின்வீசாவாக இருக்கின்றது. முன்னர் வழங்கிய வதிவிட அட்டைகளிற் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31ஆந் திகதியோடு முடிவுற்றன. ஆகவே கடவுச்சீட்டு மாறினால் தன் இணையக் கணக்கிலே புதிய இலக்கத்தை மாணவனே பதிய வேண்டும். வீசா முடியுமுன் முறையாக விண்ணப்பித்தவனுடைய பழைய அனுமதி, முடிவு வரும்வரை 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் ஒரு பிரிவினால் தொடர்கின்றது. ஆனால் அக்காலத்தில் அவன் நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். 'விடுமுறைக்கு ஊருக்கு வந்து ஒருநாட் சேவையிற் கடவுச்சீட்டை எடுத்துச் செல்வேன்' என்னும் திட்டம், வீசா விண்ணப்பம் கொடுக்குமுன் நல்ல திட்டம், கொடுத்தபின் கேடு. மேலும், பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதிச் சான்றிலே மாணவனின் கடவுச்சீட்டு இலக்கம் இருக்கும். இடையிலே இலக்கம் மாறினால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

பணச் சான்றைப் பற்றியும் ஒன்று சொல்லலாம். பிரித்தானியாவுக்குப் புதிதாகச் செல்பவன் குறித்த தொகை வங்கியிலே தொடர்ந்து 28 நாள் இருந்ததைக் காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதம் அனுமதியோடு அங்கு வாழ்ந்தவன் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அது வேண்டுவதில்லை. இதனை அறியாமல், இரண்டாம் முறையும் நகையை அடைவு வைத்துப் பணம் திரட்டும் பெற்றோர் இரங்கத்தக்கவர்.

அவுஸ்திரேலியாவின் வீசா கடவுச்சீட்டு இலக்கத்தோடு மின்பதிவில் பிணைக்கப்பட்டது. மாற்றத்தை அறிவிக்காவிடின் விமான நிலையத்திலே விமானக் கம்பனியின் பொறி வீசா இல்லை என்றே சொல்லும். இந்தியாவில், 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் வீசாவோடு செல்பவர் வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திற் பதிதல் வழக்கம். நீட்டிப்பும் அவ்வலுவலகத்தின் இணைய வழியே நடைபெறும். பலாலியிலிருந்து சென்னை ஒரு மணி நேரப் பயணமே ஆதலின் இவ்விதிகளை இலேசாக எண்ணுவோர் உளர். தூரம் குறைவு என்பதற்காகச் சட்டம் இளகுவதில்லை.

தூதரகத்துக்குச் செல்லும் மாணவன் அங்கு ஒரு முடிச்சைக் காண்பான். புதிய கடவுச்சீட்டுத் தரும் அலுவலர் அவன் அந்நாட்டில் முறையாகத் தங்கியிருப்பதற்குச் சான்று கேட்பார். வீசாத் தருபவரோ செல்லுபடியான கடவுச்சீட்டைக் கேட்பார். இரண்டும் உயிரோடு இருக்கும்போதே செல்பவனுக்கு இம்முடிச்சு இல்லை. அவ்வாறு செல்லாதவன், ஓரிடத்தில் விண்ணப்பித்ததற்கான பற்றுச்சீட்டையும் கடிதத்தையும் மற்றையிடத்திற் காட்டித் தன் தாமதத்துக்குக் காரணம் கூறவேண்டியவனாகின்றான். ஆதலின் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் காத்தலும், கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே படியெடுத்து வைத்தலும் அற்பமான செயல்களல்ல.

இனி, பெயர். யாழ்ப்பாணத்தவருக்கு இவ்விடயத்தில் நேரும் துன்பம் தனி வகையது. தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக எழுதுவது நம்மவர் மரபு. கடவுச்சீட்டோ குடும்பப் பெயர், ஏனைய பெயர் என இரு கூறு கேட்கின்றது. ஒருமுறை தந்தை பெயர் குடும்பப் பெயராகப் பதியப்படும்; மறுமுறை தன் பெயரே அவ்விடத்தில் நிற்கும். ஞானசம்பந்தன் என்னும் பெயரை ஆங்கிலத்தில் 'ஜி' என்னும் எழுத்தோடு தொடங்குவோரும் உளர். 'என்' என்னும் எழுத்தோடு தொடங்குவோரும் உளர். பொறி வாசிக்கும் வரியிலே பெயர்களுக்கு உள்ள இடம் 39 எழுத்துக்கள். நீண்ட தந்தை பெயரும் நீண்ட தன் பெயரும் சேர்ந்தால் வால் அறுபடும். மணமான பெண்கள் கணவன் பெயரைச் சேர்க்க விரும்பும் தருணமும் பெரும்பாலும் இதுவேயாகின்றது. வீசா நிலுவையில் இருக்கும் காலத்தில் பெயரின் ஓர் எழுத்தையேனும் மாற்றாதிருத்தல் அறிவுடைமை. வீசாவில் ஒருவர், கடவுச்சீட்டில் மற்றொருவர், பட்டச் சான்றிதழில் மூன்றாமவர் என்று ஆகிவிட்டால், மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துத் திரிவதிலேயே ஒரு தவணை கழிந்துவிடும்.

பிள்ளை வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் இங்கே விண்ணப்பிக்கலாமா என்று கேட்பதுண்டு. இயலாது. 2015ஆம் ஆண்டிலிருந்து விண்ணப்பதாரியின் விரலடையாளம் பெறப்படுகின்றது. உரியவரே நேரில் தோன்றல் வேண்டும். பெற்றோர் செய்யத்தக்கது வேறொன்று. தூதரகம் கேட்கும் பிறப்புச் சான்றிதழ் பல வீடுகளில் இல்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுதும் பெயர்ந்தபோது பெட்டிகளோடு போனவை பல. பழுப்பேறிப் படிக்க இயலாதவை பல. பிரதேச செயலகத்திற் புதிய உறுதிப்பிரதி பெற்று அனுப்புதல் பெற்றோர் செய்யும் பேருதவி. அதைப் பெறும்போதே, பெயரின் எழுத்தும் பிறந்த திகதியும் பழைய கடவுச்சீட்டோடு ஒத்துள்ளனவா என்று பார்த்துவிடுதல் நன்று.

விடுமுறையில் ஊர் வந்து விண்ணப்பிப்போருக்கு முன்னிருந்த அலைச்சல் இப்போது இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து கொழும்புக்கோ, அன்றி வவுனியாவுக்கோ செல்ல வேண்டியிருந்தது. நெடுந்தீவிலுள்ளவர் விடியற்காலைப் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கிய பின்னரே அப்பயணத்தைத் தொடங்க முடிந்தது. 2025 செப்டெம்பர் முதலாந் திகதி யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலே திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற படப்பிடிப்பு நிலையத்திற் படமெடுத்து, அவர்கள் தரும் பற்றுச்சீட்டோடு அங்கே செல்லலாம்.

புதிய சீட்டு கைக்கு வந்ததும் பழையதைப் பரணில் எறிந்துவிடுவோர் உளர். இரத்து முத்திரை அப்புத்தகத்துக்கேயன்றி அதில் ஒட்டப்பட்ட, காலம் முடியாத வீசாவுக்கு அன்று. பல நாடுகளில் அவ்வீசா அதன் இறுதி நாள்வரை செல்லும். ஆனால் புதியதும் பழையதும் ஒருங்கே காட்டப்படல் வேண்டும். எனவே இரண்டையும் ஒரே உறையில் இட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டே விமானம் ஏறுதல் வேண்டும். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியிலன்று.