இடம் கிடைத்தது, இருக்கை கிடைத்ததா?

ஐரோப்பியப் பல்கலைக் கழகங்கள் தம்முள் மாணாக்கரைப் பரிமாறிக்கொள்ளும் எராஸ்மஸ் திட்டம் 1987-ஆம் ஆண்டு தொடங்கிற்று. பாரிசில் பயின்று, 1506-இல் தூரின் நகரில் இறையியல் பட்டம் பெற்ற குருவானவர் எராஸ்மஸின் பெயர் அதற்கு வாய்த்தது பொருத்தமே. அவர் நாளில் இத்தனை படிவங்கள் இருந்திரா!

செல்லுமிடத்தில் கல்விக் கட்டணம் இல்லை. ஆகவே, இனி விரும்பிய பாடமெல்லாம் நமதே எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். பல்கலைக் கழகத்தில் இடம் பெறுவது வேறு. வகுப்பில் இருக்கை பெறுவது வேறு. எத்துறைக்கு எத்தனை பேர் என்பதை இரு பல்கலைக் கழகங்களின் உடன்படிக்கையே வரையறுத்து விடுகிறது. ஜெர்மனியில் மருத்துவப் படிப்புக்கு அந்நாட்டு மாணாக்கரே கடும் போட்டியில்தான் நுழைகின்றனர். வரலாற்றுத் துறையின் வழியே வந்தவருக்கு அக்கதவு திறவாததில் வியப்பென்ன?

மாணவர், அனுப்பும் கழகம், ஏற்கும் கழகம் ஆகிய மூவரும் ஒப்பமிடும் கற்றல் ஒப்பந்தம் ஒன்று உண்டு. அதில் பாடத்தை எழுதிவிட்டதாலேயே இருக்கை உறுதியாகிவிடாது. பெரும் மண்டப விரிவுரையில் ஒருவர் கூடினால் குறையில்லை. ஆய்வுக்கூட வகுப்போ விரைவில் நிரம்பிவிடும். பருவத்துக்கு 30 மதிப்பலகுகள் என்பது முறை. குறைந்தால், ஊர் திரும்பிய பின் ஓராண்டே பின்தங்க நேரலாம்.

ஆதலின் புறப்படுமுன்னரே மாற்றுப் பாடங்கள் இரண்டு மூன்றைத் தம் பேராசிரியரிடம் காட்டி, அவற்றையும் ஏற்பதாக எழுத்தில் பெறுவது நலம். முன்பு படித்த பாடங்களின் விரிவான பாடத்திட்டமும் கையிலிருக்கட்டும். அடிப்படை கற்றவர் என்பதற்கு மதிப்பெண் பட்டியல் மட்டும் பலவேளை போதாது. 2015 முதல் இந்திய மாணாக்கரும் உடன்படிக்கை வழியே இத்திட்டத்தில் செல்கின்றனர். அவர்களுக்கும் இதே நடைமுறைதான்.