நோவுக்கு எத்தனை இலக்கம்?

கனடாவின் எட்மன்டன் நகரில் எடுவார்டோ புருவேராவும் சகாக்களும் 1991 இல் வெளியிட்ட அறிகுறி மதிப்பீட்டு வினாக்கொத்து, இன்று பல நாடுகளில் புற்றுநோயாளரிடம் பயன்படுகிறது. நோவு, களைப்பு, நித்திரைக் கலக்கம், ஓங்காளம், பசியின்மை, மூச்சுத்திணறல், மனச்சோர்வு, பதற்றம், பொதுவான சுகநிலை என ஒன்பது விடயங்கள். ஒவ்வொன்றுக்கும் நோயாளி 0 முதல் 10 வரை ஓர் இலக்கம் சொல்ல வேண்டும். ஒரே பக்கம்தான்; ஆனால் தமிழாக்குவது இலகுவல்ல.

'கவலை' என்ற சொல்லையே பாருங்கள். தமிழகத்தில் அது பெரும்பாலும் வரப்போவதை எண்ணிக் கலங்குவது. நமக்கோ அது துக்கம். "மனசுக்குக் கவலையா இரிக்கி" என்று நம் உம்மாமார் சொல்வது பதற்றத்தையல்ல. எனவே பதற்றத்துக்குக் 'கவலை' என்று எழுதிய தாளை இங்கே கொடுத்தால், துக்கத்தின் இலக்கம் பதற்றத்தின் கட்டத்தில் போய் விழும். களைப்பைச் 'சோர்வு' என்று எழுதினால் அதுவும் 'மனச்சோர்வு' என்பதோடு குழம்பும். மூலத்தின் திருத்திய பதிப்பிலேயே களைப்பு என்றால் சக்தி குறைதல், மனச்சோர்வு என்றால் துக்கமாக உணர்தல் என்று விளக்கம் சேர்த்திருக்கிறார்கள்.

வழமையான முறை இது: இருவர் தனித்தனியே தமிழாக்குவர், இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவர், மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்புவார். படித்தவர்கள் ஒத்துப்போனால் மட்டும் போதாது. நோயாளர் சிலரிடம் வாசித்துக் காட்டி, "இதுல உங்களுக்கு என்ன விளங்குது?" என்று கேட்க வேண்டும். சுகநிலைக்கு 0 தான் மிக நல்லது, 10 மிக மோசம். பரீட்சைப் புள்ளி நினைவில் நல்ல சுகத்துக்குப் பத்துக் கொடுப்பவர் அங்கேதான் பிடிபடுவார்.

பிறகே பரிசோதனை. நிலைமை மாறாத நோயாளியிடம் மீண்டும் கேட்டால் ஏறத்தாழ அதே இலக்கம் வருகிறதா? அது நம்பகத்தன்மை. ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட இன்னொரு வினாக்கொத்தோடு ஒத்துப்போகிறதா, படுக்கையில் கிடப்பவரையும் நடமாடுபவரையும் பிரித்துக் காட்டுகிறதா? அது ஏற்புடைமை.

நம்மவரிடம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும் என்பேன். "எப்படி இரிக்கி?" என்றால் "அல்ஹம்துலில்லாஹ், சுகம்" என்பதே நம் பதில். அது றப்பைப் புகழ்வது, நோவின் அளவல்ல. கேட்பவர் அதை 0 என்று குறித்தால் மருந்தும் கூடாது. பொறுமைக்கு எடுத்துக்காட்டான ஐயூப் நபி (அலை) தம் துன்பத்தை றப்பிடம் முறையிட்டதைக் குர்ஆன் சொல்கிறது. சொல்வதால் சபூர் குறைவதில்லை. ஆகவே புகழ்ந்த பிறகு, "இப்ப நோவு எத்தனை?" என்று தனியாகக் கேட்க வேண்டும். வாப்பாவுக்காக மகன் பதில் சொல்லாமல், வாப்பாவே அந்த இலக்கத்தைச் சொல்லட்டும்.