வயிற்றில் பை இருந்தால் வாழ்வு முடிந்ததா?

“வயிற்றில் பை வைத்துவிடுவார்களாம்!” இந்தப் பேச்சுக்குப் பயந்தே அறுவைச் சிகிச்சை வேண்டாமென்று வீடு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. நோய் முற்றிய பிறகு மறுபடியும் மருத்துவமனைக்கு ஓடுவார்கள். அதற்குள் காலம் கடந்திருக்கும். அன்பான வாசகர்களே, உயிரைவிட வெட்கம் பெரிதா?

முதலில் அது என்னவென்று தெரிந்துகொள்வோம். குடலில் புற்றுநோய், அடைப்பு, விபத்துக் காயம் போன்ற காரணங்களால் மலம் இயல்பான வழியில் போக முடியாதபோது, குடலின் ஒரு பகுதியை வயிற்றின் மேல் கொண்டுவந்து தைத்துவிடுகிறார்கள். அந்தத் திறப்புக்கு ஸ்டோமா என்று பெயர். அதைச் சுற்றி ஒட்டும் பையில் மலம் சேரும். சிலருக்குச் சில மாதங்கள்தாம்; பிறகு குடலை மீண்டும் இணைத்துவிடுவார்கள். சிலருக்கு ஆயுள் முழுவதும் இருக்கும்.

ஸ்டோமா, கன்னத்தின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருப்பதே நல்ல அடையாளம். தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது ஒரு துளி இரத்தம் கசிந்தால் பதற வேண்டாம்.

பையில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்ததுமே கழிப்பறையில் கொட்டிவிடுங்கள். நிறையவிட்டால் கனம் தாங்காமல் கழன்றுவிடும். பையைப் பொதுவாக 3 அல்லது 4 நாட்களுக்கு ஒரு முறை மாற்றலாம். கசிந்தால் உடனே மாற்ற வேண்டும். காலையில் பசியாறுவதற்கு முன் மாற்றுவது நல்லது. அந்நேரம் குடல் அமைதியாக இருக்கும். தோலைச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, ஈரம் போக ஒற்றியெடுங்கள். எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் நீங்களாகப் பூசாதீர்கள், பை ஒட்டாது. பையின் துளையை ஸ்டோமாவைவிட 2 மில்லிமீட்டர் அளவே பெரிதாக வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் மலம் பட்டுத் தோல் புண்ணாகிவிடும். கழற்றிய பையைப் பிளாஸ்டிக்கில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கழிப்பறைக் குழியில் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

நம் நாட்டு வெயிலில் வியர்வை பசையை இளக்கிவிடும். வெளியே போகும்போது மாற்றுப் பை ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மீதமுள்ள பைகளைத் தகரக் கூரையின் அடியிலோ மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ வைக்காமல், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பால் வாளி, செம்பனைக் குலை போன்ற பாரம் தூக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். அவசரப்பட்டால் ஸ்டோமாவைச் சுற்றிக் குடல் பிதுங்கக்கூடும்.

சோறு, மீன், கோழி எல்லாம் சாப்பிடலாம். மெதுவாக மென்று தின்ன வேண்டும். வெங்காயம், பூண்டு, முட்டை, முட்டைக்கோசு வாடையை அதிகமாக்கும், தயிர் குறைக்கும். சிறுகுடலில் ஸ்டோமா வைத்தவர்களுக்கு நீராகவே போகும். உடம்பில் நீரும் உப்பும் வற்றாமல் அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். சோளம், தேங்காய், கடலை அவர்களுக்கு அடைத்துக்கொள்ளலாம், கவனம் தேவை.

ஸ்டோமா கறுத்துப் போனாலும், இரத்தம் நிற்காமல் வந்தாலும், எதுவும் வெளியேறாமல் வலியும் வாந்தியும் கண்டாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இந்தப் பை பிறந்த கதையும் கேட்கத்தக்கதே. டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்ற தாதியின் சகோதரிக்கு ஸ்டோமா வைத்தார்கள். கசிந்துவிடுமோ என்று அஞ்சி அந்தப் பெண் வெளியே போகவே தயங்கினார். உடன்பிறந்தவள் வீட்டுக்குள் முடங்குவதைப் பொறுக்காத எலிசே, உடம்பில் ஒட்டி, பிறகு எடுத்தெறியும் பையை 1954இல் யோசித்துக் கண்டார். ஒருவர் மீண்டும் நாலு பேர் நடுவே நடமாடத்தான் இந்தப் பையே உண்டானது!

ஆகவே, குடும்பத்தாரே, தட்டையும் பாயையும் தனியாக ஒதுக்காதீர்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. அவர் குளிக்கலாம், கோயிலுக்குப் போகலாம், கல்யாணப் பந்தியில் உட்காரலாம், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சலாம். பை மாற்றும் முறையை வீட்டில் இன்னொருவரும் தாதியிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். முகம் சுளிக்காத ஒரு துணை இருந்தால், பாதிச் சுமை இறங்கிவிடும்.