பழைய எஸ்டீம் பந்தயத்துக்குப் போவது எப்படி?

காஞ்சிபுரம் மாவட்டம் சாலவாக்கத்தைச் சுற்றிக் கல் குவாரிகளும் கிரஷர்களும் நிறைய. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் ஓடிக்கொண்டே இருக்கும் பகுதி. இத்தனை டிப்பர் ஓடும் இடத்தில் வெல்டிங், லேத், டிங்கரிங் தெரிந்த கைகளுக்குப் பஞ்சம் இருக்காது. ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ ஆட்டோமொபைல் படித்துக்கொண்டு, விடுமுறை நாளில் பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கிற பதினேழு வயதுப் பையன் ஒருவன், யாரோ ஓரங்கட்டிய பழைய மாருதியை வாங்கிப் பந்தயத்துக்குத் தயார் செய்ய ஆசைப்பட்டால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

ஆசைப்பட வேண்டாம் என்று சொல்பவர்கள்தான் வீட்டில் அதிகம் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு தகவல்: நாட்டின் முக்கியமான பந்தயத் தடம் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டிய தடம் 1990-இல் திறக்கப்பட்டது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள். இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். பக்கத்தில் ஹூண்டாய் தொழிற்சாலை கார் தயாரிக்கத் தொடங்கியது 1998-இல். அதாவது இந்த மாவட்டத்தில் ஹூண்டாய் வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே கார் பந்தயம் வந்துவிட்டது.

அதற்கும் முந்தைய கதை சோழவரத்தில். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சும்மா கிடந்தது. 1953-இல் உருவான அதே கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. வெளிநாட்டிலிருந்து காரை இறக்குமதி செய்த பணக்காரர்களும் ஓட்டினார்கள். ஃபியட்டையும் அம்பாசடரையும் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் பட்டறையில் பிரித்து மேய்ந்து கொண்டுவந்தவர்களும் ஓட்டினார்கள். சந்தையில் புதுக் கார் வகைகளே விரல்விட்டு எண்ணும்படி இருந்த காலம் அது. கையில் இருந்த வண்டியைத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. தமிழ்நாட்டின் பந்தயத் திறமை அந்த நெருக்கடியில்தான் வளர்ந்தது என்பது என் கணிப்பு.

கோவையின் கரிவரதன் இதற்கு மிகப் பெரிய சான்று. தொழிலதிபர் குடும்பத்தில் பிறந்தவர். சொந்தமாகப் பந்தயக் கார் வடிவமைத்தார். மாருதி 800-இன் 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சினை ஒற்றை இருக்கை வண்டியில் வைத்து 1980-களின் இறுதியில் ஃபார்முலா மாருதி பந்தயத்துக்கு வழி செய்தார். தெருவில் ஓடும் காரின் எஞ்சின் என்பதால் உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைத்தது, எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியிருந்தது. நாராயண் கார்த்திகேயன் பதின்ம வயதில் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது இருங்காட்டுக்கோட்டையில், இந்த ஃபார்முலா மாருதியில்தான். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் நுழைந்த முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார்; கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சாலவாக்கத்துப் பையனுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம், ஊர் முழுக்க உதிரிபாகம் கிடைக்கிற வண்டியைத் தேர்ந்தெடு என்பது. மாருதி எஸ்டீம் 1994 முதல் 2007 வரை விற்பனையில் இருந்தது. எடை குறைவு, 1298 சி.சி. எஞ்சின் நன்றாகச் சுற்றும். இந்தியாவில் சலூன் கார் பந்தயத்தின் தொடக்கநிலைப் பிரிவுகளில் பல ஆண்டுகள் இந்த வண்டிதான் வரிசையாக நின்றது. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கதவிலிருந்து கியர்பாக்ஸ் வரை பழசு கிடைக்கும். மாருதி 800-உம் ஜென்னும்கூட நல்ல தேர்வுதான்.

வாங்கும்போது எஞ்சினைவிட உடம்பைப் பாருங்கள். எஞ்சினை மாற்றிவிடலாம், துருப்பிடித்த பாடியை மாற்ற முடியாது. ஷாக் அப்சார்பர் மேலே பொருந்தும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், காலடித் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் ஓரப்பட்டை ஆகியவற்றைத் தட்டிப் பார்க்க வேண்டும். பட்டி பூசிப் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்களா என்பதற்கு ஒரு சின்னக் காந்தம் போதும். தகடு இருந்தால் ஒட்டும், பட்டி தடிமனாக இருந்தால் ஒட்டாது.

எஞ்சினுக்குக் கம்ப்ரஷன் செக். எஞ்சினைச் சூடாக்கி, எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கலாம். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கோளாறு. எஸ்டீமின் எஞ்சின் அலுமினியம் என்பதால் ஒருமுறை தண்ணீர் இல்லாமல் ஓடி அதிகமாகச் சூடேறியிருந்தாலே ஹெட் வளைந்திருக்கக்கூடும். லேத்தில் கொடுத்துச் சமதளம் பார்த்தபிறகே அதில் பணம் போட வேண்டும்.

இனி வேலையின் வரிசை. பெரும்பாலான இளைஞர்கள் சைலன்ஸரை மாற்றிச் சத்தத்தைக் கூட்டுவதில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது பிரேக்கில். நிற்கத் தெரியாத வண்டிக்கு வேகம் எதற்கு? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது அதன் தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு வந்துவிடுகிறது. பந்தயத்தில் நான்கைந்து சுற்று அழுத்திப் பிரேக் பிடித்தாலே அந்தச் சூடு வந்துவிடலாம். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. எனவே முதல் செலவு புது ஆயில், நல்ல பேட், விரிசல் இல்லாத ரப்பர் ஹோஸ்.

அடுத்தது டயர். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும். பிறகு பாட்டம் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், வீல் பேரிங், ஷாக் அப்சார்பர். இவை சரியானபின் வீல் அலைன்மென்ட். எடையைக் குறைக்கப் பின் இருக்கை, கார்ப்பெட், கூரைத் துணி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். இதற்குச் செலவே இல்லை, வண்டி உடனே துள்ளலாகும். எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஓட்டைகள் தெரிந்தால் மட்டும் ஒவ்வொன்றையும் இரும்புத் தகடு வைத்து அடைக்க வேண்டும். எஞ்சினில் தீப்பிடித்தால் முதலில் உள்ளே வருவது அந்த ஓட்டை வழியாகத்தான்.

எஞ்சினைக் கூடுதல் சக்திக்குத் தட்டுவது கடைசி. முதல் ஆண்டு அதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

கூண்டு என்பது அலங்காரம் அல்ல

ரோல் கேஜ் என்கிற இரும்புக் கூண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளூர்த் திறமை ஆபத்தாக மாறும் இடம் இதுதான். கார் உருண்டால் கூரை நசுங்காமல் காப்பது இந்தக் கூண்டு. சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் விதிப்படி குழாய் தையலில்லாததாக, குளிர்நிலையில் இழுத்துச் செய்த கார்பன் ஸ்டீலாக இருக்க வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், அல்லது 50-க்கு 2. மற்றக் குழாய்களுக்கு 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2. கூண்டின் ஒவ்வொரு காலும் தரைத்தகட்டில் உட்காரும் இடத்தில் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள பலப்படுத்தும் தகடு வைத்து, குறைந்தது மூன்று போல்ட் போட வேண்டும்.

கதவுக்கும் கேட்டுக்கும் பற்றவைத்துப் பழகியவர், கையில் இருக்கும் ஜி.ஐ. பைப்பை வளைத்துக் கூண்டு செய்துவிடுவார். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தண்ணீர்க் குழாயின் தையல் அடிபட்டால் பிளக்கும். பிளந்த குழாயின் முனை ஓட்டுநரின் தலைக்குப் பக்கத்தில் இருக்கும். மேலே பூசிய துத்தநாகம் பற்றவைக்கும்போது புகைந்து பற்றவைப்பவரையும் காய்ச்சலில் தள்ளும். கூண்டை மட்டும் பந்தயக் கார் கட்டிப் பழகிய பட்டறையில் கொடுத்துச் செய்வதே முறை. பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட், தீயணைப்பான், வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச், தரச்சான்று பெற்ற ஹெல்மெட், தீ பற்றாத உடை எல்லாம் இதே கணக்கில் வருபவை. பெல்ட்டுக்குக்கூடக் காலாவதித் தேதி உண்டு. இவை அனைத்தும் சேர்ந்தால் பழைய காரின் விலையைத் தாண்டிவிடும். இதில் மிச்சம் பிடிக்க வழி தேடக்கூடாது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசிய கார் பந்தயத்தில் அனுபவம் மிக்க மூத்த ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே தடத்தில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். மருத்துவக் குழுவும் மார்ஷல்களும் நிற்கும் தடத்தில் நடந்தவை இவை. அந்த ஏற்பாடு எதுவும் இல்லாத செங்கல்பட்டுச் சாலையில் என்ன ஆகும் என்பதை வேறு சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

18 வயதுக்குக் கீழே பொதுச்சாலையில் கார் ஓட்டக்கூடாது. மீறினால், 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய சிறுவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. பந்தய ஆசை உள்ளவனுக்கு இந்தக் கடைசித் தண்டனைதான் மிகக் கொடியது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அமைப்பை மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கு 52-ஆம் பிரிவு தடை போடுகிறது. ஆக, கூண்டு ஏறிய கார் சாலைக்குத் திரும்பாது. லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றித்தான் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

தடத்தில் ஓட்ட இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் சம்மேளனம் தரும் போட்டி உரிமம் வேண்டும். சம்மேளனத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. 18 நிரம்பாதவர்கள் பெற்றோரின் சம்மதத்தோடுதான் விண்ணப்பிக்க முடியும். எந்தப் பிரிவுக்கு எந்த வயது, எந்த மாற்றத்துக்கு அனுமதி என்பது ஆண்டுதோறும் விதிப்புத்தகத்தில் வருகிறது. வண்டியில் கை வைக்கும் முன் அதைப் படித்துவிட வேண்டும். கட்டி முடித்த கார் பந்தயத்துக்கு முந்தைய ஸ்குரூட்டினி பரிசோதனையில் நிராகரிக்கப்பட்டால் ஒரு வருட உழைப்பு வீண்.

வண்டி தயாராகும் வரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. பந்தய நாளில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய், சிறிய அணிகளிடம் டயர் மாற்றவும் கருவி எடுத்துக் கொடுக்கவும் ஆள் தேவையா என்று கேட்கலாம். பந்தயம் என்பது அடுத்த சுற்றுக்குள் பழுதைக் கண்டுபிடிக்கும் வேலை என்பது பிட்டில் ஒருநாள் நின்றாலே விளங்கும். கல்லூரிக்குப் போனபின் ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் போட்டிகளில் சொந்த அணியோடு வண்டி கட்டலாம். பையன் என்றே எழுதிவந்தாலும் பெண்ணுக்கும் இதே வழிதான். சென்னையின் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் ஆண்களோடு ஒரே பந்தயத்தில் போட்டியிட்டவர்.

நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றபோது தமிழ்நாடே கொண்டாடியது. சினிமாவுக்கு முன் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்காகப் பயிற்சி எடுத்தவர் அவர். 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத்தடத்தில் இரவுப் பந்தயமும் நடந்தது. மேல்படி பளபளக்கிறது. கீழ்ப்படிதான் இல்லை. பழைய மாருதியோடு வரும் கிராமத்துப் பையன் கால் வைக்க உயரம் குறைந்த ஒரு படி வேண்டும்.

பின்லாந்திலும் சுவீடனிலும் அந்தப் படி இருக்கிறது. ஓட்டை உடைசல் கார்களை மண்தடத்தில் ஓட்டும் பந்தயம் அது. பதினைந்து வயதிலேயே சேரலாம். செலவைக் கட்டுப்படுத்த அவர்கள் வைத்திருக்கும் விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு காருக்கும் ஒரே நிர்ணய விலை. பந்தயம் முடிந்ததும் அந்த விலையைக் கொடுத்து எந்தக் காரையும் வாங்கிக்கொள்ள மற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். விற்க மறுத்தால் ஓட்டுநரின் உரிமம் போய்விடும். இப்படியிருக்க, லட்சக்கணக்கில் கொட்டி எஞ்சினைத் தட்ட யாருக்கும் மனம் வராது. ஜெயிப்பது ஓட்டும் கையும் பழுது பார்க்கும் கையும்தான்.

இங்கே மண்தடத்தில் ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்க்கும் ஆட்டோகிராஸ் போட்டிகள் ஏற்கெனவே உண்டு. இந்தியச் சம்மேளனமும் மெட்ராஸ் கிளப்பும் அதில் ஆயிரத்து முந்நூறு சி.சி.க்கு உட்பட்ட பழைய கார்களுக்கென்று, இந்த நிர்ணய விலை விதியோடு ஒரு பிரிவைத் தொடங்க வேண்டும். பாலிடெக்னிக்குகளுக்கு அழைப்பு அனுப்பி, சரியான கூண்டு ஒன்றின் வரைபடத்தையும், அதைக் கட்டித் தரும் பட்டறைகளின் பெயர்ப்பட்டியலையும் கூடவே கொடுக்க வேண்டும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு, பார்வையாளர்களை எட்ட நிறுத்தும் தடுப்பு ஆகியவற்றில் சமரசம் கூடாது. 2024 ஏப்ரலில் இலங்கை தியத்தலாவையில் நடந்த ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தில் தடம் விலகிய கார் கூட்டத்துக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள். அதனால் ஊர்ப் பொட்டலில் கயிறு கட்டிப் பந்தயம் நடத்தும் யோசனை யாருக்கும் வரக்கூடாது. இருங்காட்டுக்கோட்டை வளாகத்திலேயே வருடத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் தொடங்கிவிடலாம்.