மூன்று நிமிட இசைக்கு ஓர் ஆண்டு

இசையமைப்பாளர் திட்டங்களின் விண்ணப்பக் கடைசி நாள் நெருங்க நெருங்க வாசகர் கடிதங்களும் கூடுகின்றன. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜா தம் ‘வேலியன்ட்’ சிம்ஃபொனியை அரங்கேற்றியதிலிருந்து, மேற்கத்திய செவ்வியல் இசை எழுதும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று எங்கள் இசையை வாசிக்க என்ன வழி?

கடிதங்களில் அதிகம் அடிபடுவது லண்டன் சிம்ஃபொனி ஆர்க்கெஸ்ட்ராவின் பனுஃப்னிக் இசையமைப்பாளர் திட்டம். குழப்பமும் அதைப் பற்றித்தான். சிலர் அதைப் பரிசுப் போட்டி என்கிறார்கள். சிலர் படிப்பு உதவித்தொகை என்கிறார்கள். விண்ணப்பத்தோடு அனுப்பும் இசையையே ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும் என்று நம்புவோர்தாம் அதிகம். அது தவறு. அனுப்புவது வெறும் மாதிரி. தேர்வானபின் புதிதாக ஒன்றை எழுத வேண்டும். அதன் நீளம் மூன்று நிமிடம்.

திட்டம் 2005-இல் தொடங்கியது. போலந்தில் பிறந்து 1954-இல் பிரிட்டனுக்குத் தப்பி வந்த இசையமைப்பாளர் ஆந்திரே பனுஃப்னிக்கின் பெயரில், அவர் மனைவி கமிலாவின் முயற்சியால் உருவானது. ஹெலன் ஹாம்லின் அறக்கட்டளை பணம் தருகிறது. திட்டத்தின் பெயருக்குப் பொருத்தமான மனிதர் பனுஃப்னிக். போர்க்காலத்து வார்சாவில் அவருடைய இசைப்பிரதிகள் அழிந்துபோயின. சிலவற்றை நினைவிலிருந்து திரும்ப எழுதினார். நாட்டை விட்டு வெளியேறியபின் அவர் இசைக்குப் போலந்தில் நெடுங்காலம் தடை இருந்தது. காகிதத்தில் எழுதிய இசை யாரும் வாசிக்காமல் கிடந்தால் என்ன ஆகும் என்பதை வாழ்ந்து அறிந்தவர்.

ஓர் ஆண்டுக்கு ஆறு பேர். மூத்த இசையமைப்பாளர் காலின் மேத்யூஸ் வழிகாட்டி. இதே திட்டத்தில் பயின்ற கிறிஸ்டியன் மேசன் பின்னர் அவருக்குத் துணையாக வந்தார். ஆண்டின் இறுதியில் பழைய செயின்ட் லூக்ஸ் தேவாலயத்தில், ஒரு பயிலரங்க நாளில், ஆறு பேரின் இசையையும் முழு ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கிறது. பல ஆண்டுகள் அதை ஃபிரான்சுவா சேவியர் ரோத் நடத்தியிருக்கிறார்.

திட்டத்தின் உயிர் அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்க்கெஸ்ட்ராவின் ஒத்திகை வேளை ஒன்று பொதுவாக மூன்று மணி நேரம். நடுவில் இடைவேளை உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று வைத்து ஆறாகப் பங்கிட்டால், ஒருவருக்கு ஒரு மணி நேரம்கூடத் தேறாது. எண்பது பேர், மூன்று நிமிட இசை, ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த பொழுது. ஓராண்டு உழைப்பு அதற்குள் அடங்க வேண்டும்.

மூன்று நிமிடம் என்பதைக் கஞ்சத்தனம் என்று ஒரு வாசகர் கோபப்பட்டு எழுதியிருக்கிறார். எனக்கு அது திட்டத்தின் மிகக் கூர்மையான விதியாகப் படுகிறது. பதினைந்து நிமிடப் படைப்பு என்றால் இந்த நேரத்துக்குள் ஒரு முறை வாசித்து முடிப்பதே பெரிய காரியம். மூன்று நிமிடம் என்பதால் முழுதாக வாசிக்கலாம், நிறுத்தலாம், திருத்தலாம், மறுபடி வாசிக்கலாம். இசை எழுதுகிறவருக்குப் பாடம் அந்த இரண்டாம் வாசிப்பில்தான் கிடைக்கிறது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஏன் முக்கியம் என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. கர்நாடக இசையில் ஸ்வரம் எழுதிய தாள் ஒரு நினைவூட்டல் மட்டுமே. கமகம் எங்கே, எவ்வளவு என்பது குருவிடம் கேட்டுக் கேட்டு வந்தது. வித்வான் அதைத் தாமே நிரப்பிக்கொள்வார். ஆர்க்கெஸ்ட்ராவில் அப்படி நிரப்ப ஆளில்லை. முன்பின் பார்த்திராத ஒருவர், தம் ஸ்டாண்டில் இருக்கும் பார்ட்டில், அதாவது தம் வாத்தியத்துக்கான தாளில், எழுதியதை மட்டும், எழுதிய அளவில் வாசிப்பார். அங்கே விடுபட்டது ஒலியிலும் விடுபடும்.

எளிய உதாரணம் கிளாரினெட். பி ஃபிளாட் கிளாரினெட்டுக்குத் தாளில் ‘சி’ என்று இருந்தால் காதில் விழுவது ‘பி ஃபிளாட்’. ஆகவே ஒலிக்க வேண்டியதைவிட ஒரு முழு ஸ்வரம் மேலே எழுதித் தர வேண்டும். இதை மறந்து பார்ட் அச்சிட்டால் கண்டக்டர் நிறுத்துவார், கலைஞர் கை தூக்குவார், பென்சில் தேடுவார்கள். இரண்டு நிமிடம் போய்விடும். இப்படி நான்கு பிழை இருந்தால் அந்த இரண்டாம் வாசிப்பே பறிபோகும்.

கணினி இத்தகைய பிழைகளை மறைத்துவிடுகிறது. மென்பொருளில் புல்லாங்குழலின் கீழ்ஸ்தாயி டிரம்பெட்டுகளுக்கு மேலே தெளிவாகக் கேட்கும். அரங்கில் அது மூழ்கிவிடும். மென்பொருளின் ஓபோவுக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை, மனிதருக்கு வேண்டும். வீட்டில் ஹெட்ஃபோனில் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகிய ஒலிக்கும், எண்பது உடல்கள் சேர்ந்து எழுப்பும் ஒலிக்கும் உள்ள தூரத்தை வேறு எந்த வகுப்பறையும் காட்டாது. இந்த ஒன்றுக்காகவே விண்ணப்பிக்கலாம்.

ஆனால் அந்தப் பயிலரங்க நாளில்தான் என் ஐயமும் தொடங்குகிறது. இத்தகைய திட்டங்களின் அறிவிப்புகளில் ‘வளர்ச்சி’ என்ற சொல் தவறாமல் வரும். அதை ‘வளர்ச்சியும் இன்னொரு தேர்வும்’ என்று விரித்துப் படியுங்கள். ஆறு பேரில் இருவருக்கு மட்டும், ஒருவருக்கு ஐந்து நிமிடம், மற்றவருக்குப் பத்து நிமிடம் என்று, கச்சேரிக்கு எழுதும் பணி கிடைப்பது வழக்கம். மீதி நால்வர் பயிலரங்கோடு வீடு திரும்புவார்கள். துணிந்து தவறு செய்து கற்றுக்கொள் என்று சொல்லும் அறையிலேயே, தவறில்லாதவரைத் தேர்ந்தெடுக்கும் கண்களும் இருக்கின்றன. பொதுமக்கள் அமர்ந்து கேட்ட ஆண்டுகளும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் ஓர் இளைஞர் தமக்கே நிச்சயமில்லாத ஒலியைச் சோதித்துப் பார்ப்பாரா, கை பழகியதைப் பாதுகாப்பாக எழுதுவாரா? பயிலரங்கையும் தேர்வையும் பிரித்து வைப்பதே நியாயம் என்பது என் முடிவு.

‘முன் அனுபவம் தேவையில்லை’ என்ற வரியையும் நிதானமாகப் படிக்க வேண்டும். பல திட்டங்கள் இதை அச்சிடுகின்றன. அடுத்த வரியிலேயே இசைப்பிரதியும் ஒலிப்பதிவும் கேட்கின்றன. இசைக் கல்லூரியில் படிப்பவரிடம் சக மாணவர்கள் வாசித்த நல்ல பதிவு இருக்கும். தனியே கற்றவரிடம் கணினி ஒலிதான் இருக்கும். வாசல் இருவருக்கும் திறந்திருக்கிறது என்பது உண்மை. இருவரும் ஒரே தொலைவில் நிற்கவில்லை என்பதும் உண்மை. ஆகவே நான்கு கலைஞர்கள் வாசித்த சிறிய படைப்பு ஒன்றின் உயிருள்ள பதிவு, கணினி வாசித்த பெரிய சிம்ஃபொனியைவிட உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

முன்னாள் பங்கேற்பாளர் பட்டியலைக் காட்டி எந்தத் திட்டமும் பெருமைப்படும். அயானா விட்டர் ஜான்சன், டொங்ஹூன் ஷின் போன்றவர்கள் பனுஃப்னிக் திட்டத்தில் இருந்தவர்களே. திட்டம் அவர்களை உருவாக்கியதா, உருவாகிக்கொண்டிருந்தவர்களைக் கண்டெடுத்ததா என்பதைப் பட்டியல் சொல்லாது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள்:

பனுஃப்னிக் திட்டத்துக்குச் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விண்ணப்பிக்கலாமா? முடியாது; பிரிட்டனில் வசிப்பவர்களுக்கானது.

அப்படியானால் எங்களுக்கு வழி? டோக்கியோவின் டோரு டகேமிட்சு இசையமைப்பு விருதுக்கு எந்த நாட்டவரும் ஆர்க்கெஸ்ட்ரா படைப்பு அனுப்பலாம்.

அதற்கு வயது வரம்பு? 35.

அங்கே நடுவர் குழுவில் எத்தனை பேர்? ஆண்டுக்கு ஒரே ஒரு நடுவர், அவரும் இசையமைப்பாளர். 1997-இல் முதல் நடுவர் ஹென்றி டுட்டியூ.

அறிவிப்புகளில் வரும் ‘தொடக்கநிலை இசையமைப்பாளர்’ என்றால் எத்தனை வயது? ஒவ்வொரு திட்டமும் தனக்கென ஒன்றை வகுத்துக்கொள்கிறது. அந்த ஆண்டின் விதியைப் படியுங்கள், போன ஆண்டு விதியை நம்பாதீர்கள்.

சினிமா பின்னணி இசையை மாதிரியாக அனுப்பலாமா? காட்சி இல்லாமல் தனித்து நிற்குமானால் அனுப்புங்கள்.

ராக அடிப்படையில் எழுதலாமா? தாராளமாக; கமகத்தை நோட்டேஷனில் முழுமையாக எழுதிக் காட்டுங்கள்.

பனுஃப்னிக் திட்டத்தில் ஏற்கெனவே தேர்வானவர்கள் என்ன எழுதினார்கள்? ‘பனுஃப்னிக் லெகசீஸ்’ என்ற பெயரில் ஆர்க்கெஸ்ட்ராவின் சொந்த லேபிளே இசைத்தட்டுகள் வெளியிட்டிருக்கிறது, கேளுங்கள்.

கடைசியாக, விண்ணப்பத்தை அனுப்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் படைப்பிலிருந்து ஒரே ஒரு பார்ட்டை அச்செடுத்து, அந்த வாத்தியம் வாசிக்கிற ஒருவரிடம் கொடுங்கள். எதுவும் விளக்கிச் சொல்லாமல் வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே பென்சிலால் வட்டமிடுங்கள். அந்த இடங்களைத் திருத்தியபின் அனுப்புங்கள். தேர்வு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தத் திருத்தம் உங்களோடு இருக்கும்.