வீட்டை இழுத்துப் பார்!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பார்கள் நம் பெரியவர்கள். அமெரிக்காவுக்குப் போயிருந்தால், 'வீட்டை இழுத்துப் பார்' என்பதையும் சேர்த்திருப்பார்கள்!

அங்கே 'டிராவல் டிரெய்லர்' என்று ஒன்று உண்டு. சக்கரம் வைத்த வீடு, என்ஜின் கிடையாது. பிக்-அப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டும். உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை எல்லாம் அடக்கம். 1969-ல் சந்திரனிலிருந்து திரும்பிய வீரர்களைத் தனிமைப்படுத்தி வைத்ததுகூட, ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியின் டிரெய்லரை மாற்றியமைத்த ஒரு கூண்டில்தான்.

ஹூஸ்டனில் குடித்தனம் நடத்தும் உங்கள் மகள், விடுமுறையில் குழந்தைகளுடன் ஊர் சுற்ற இப்படி ஒன்று வாங்க ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் வியாபாரி ஒரு விலை சொல்கிறார். இண்டியானா மாநிலத்து வியாபாரி கணிசமாகக் குறைத்துச் சொல்கிறார். அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பாலானவை அங்கே எல்கார்ட் வட்டாரத்தில்தான் தயாராகின்றன. ஏற்றுகூலி மிச்சம், ஆகவே விலையும் சகாயம். எங்கே வாங்கலாம்?

அவசரப்பட வேண்டாம். எல்கார்ட்டிலிருந்து ஹூஸ்டன் ஆயிரம் மைலுக்கு மேல். பாரத்தை இழுத்து வரும்போது பிக்-அப் ஏறக்குறைய இரண்டு பங்கு பெட்ரோல் குடிக்கும். விற்பனை வரியையும் பெரும்பாலும் வண்டியைப் பதிவு செய்யும் சொந்த மாநிலத்தில் கட்டியே தீரவேண்டும்.

இவையெல்லாம் கணக்கில் அடங்கும். அடங்காத ஒன்று இருக்கிறது: ரிப்பேர். ஓடும்போதெல்லாம் குலுங்கும் வீடு அல்லவா? கூரையின் இணைப்பு விட்டால் மழைநீர் சுவருக்குள் இறங்கும், மரச்சட்டம் உளுத்துப்போகும். உத்தரவாதம் தருபவர் வண்டியைச் செய்த கம்பெனிக்காரர், பெரும்பாலும் ஓராண்டுக்கு. ரிப்பேர் செய்பவரோ வியாபாரி. கோடையில் பட்டறை வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது, தம்மிடம் வாங்கியவரைத்தான் அவர் முதலில் கவனிப்பார். வேறிடத்தில் வாங்கியதைத் தொடமாட்டேன் என்பவரும் உண்டு. குழந்தைகளின் விடுமுறை முடிந்துவிடும். கடன் தவணை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கும்!

அதற்காக, அருகில் இருப்பவரெல்லாம் உத்தமர் என்று அர்த்தமில்லை. பட்டறையே சரியில்லாத உள்ளூர்க்காரரால் என்ன பயன்?

மகளுக்கு மூன்று யோசனை சொல்லுங்கள். தூரத்து விலையை உள்ளூர்க்காரரிடம் காட்டிக் குறைக்கச் சொல்லட்டும். அவர் மசியாவிட்டால், வெளியூரில் வாங்கிய வண்டிக்கு உத்தரவாத ரிப்பேர் செய்து தருவதாக, அருகிலுள்ள பட்டறையில் எழுதி வாங்கட்டும். எங்கே வாங்கினாலும், பணம் கொடுக்குமுன் குழாயைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, கூரை இணைப்பையும் பார்த்துவிடட்டும்.

பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்தால் இண்டியானாவுக்குப் புறப்படலாம். மழுப்பினால், நாலு காசு கூடப் போனாலும் உள்ளூர்க் கடையே மேல்.