கணினியிடம் முதலில் எந்தப் பாஷையில் பேசுவது?

ராகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில், மலையில் ஆய்ந்த கொழுந்தைச் சாக்கிலிட்டு மடுவத்துக்குக் கொண்டுவந்து, தராசின் முன்னே பெண்கள் வரிசையாக நிற்கும் வேளையில் அங்கு நடைபெறுவதைச் சற்று நிதானமாகக் கவனிப்பவருக்கு, கணினிச் செய்நிரல் என்பது யாது என்ற கேள்விக்குரிய விடையில் பெரும்பகுதி அப்போதே கிடைத்துவிடும். கொழுந்து நிறுக்கப்படுகிறது, சாக்கின் பாரத்துக்கென்றும் ஈரத்துக்கென்றும் சில கிலோ கழிக்கப்படுகின்றன, எஞ்சியது தோட்டத்தார் விதித்த அளவை எட்டினால் முழுப் பேர் (முழுநாட் சம்பளம்), எட்டாவிடில் அரைப் பேர் (அரைநாட் சம்பளம்), அளவுக்கு மேற்பட்டால் மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் இன்ன காசு என்று தீர்மானமாகிச் செக்ரோல் என்னும் பதிவேட்டில் ஏறுகிறது, உடனே அடுத்தவர் வருகிறார், அவருக்கும் அதே கிரமம்.

இந்தக் கிரமத்தை, இடையில் ஓர் ஐயத்துக்கும் இடமில்லாதபடி படிப்படியாக எழுதிவைத்தால் அதுவே செய்நிரல். நிறுவை ஆளுக்கு ஆள் மாறுவதால் அதற்கு ‘மாறி’ என்று பெயர். எட்டினால், எட்டாவிடில் என்பது நிபந்தனை. கடைசி ஆள் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வது மீள்செயல். வங்கிக் கணக்கை நடத்தும் செய்நிரலாயினும், வானிலையைக் கணிக்கும் செய்நிரலாயினும், பெரும்பாலும் இம்மூன்றையும் வெவ்வேறு விகிதத்தில் சேர்த்துக் கட்டியதுதான். ஆகவே, சாதாரண தரப் பரீட்சை முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் ஒரு பிள்ளையிடம், முதலில் காகிதத்தில் இந்தக் கொழுந்துக் கணக்கின் படிமுறையை எழுதிக் காட்டு என்று கேட்பதே சரியான ஆரம்பம் என்பது என் அபிப்பிராயம். அதை எழுதத் தெரிந்தவனுக்கு எந்த மொழியும் எட்டும். எழுதத் தெரியாதவனுக்கு எந்த மொழியும் உதவாது.

என்றாலும் மொழி ஒன்று வேண்டும். கணினி என்னும் யந்திரத்துக்கு மின்னோட்டத்தின் இரண்டு நிலைகளைத் தவிர வேறெதுவும் தெரியாது. அவற்றை நாம் 0 என்றும் 1 என்றும் குறிக்கிறோம். ஆரம்ப காலத்தில் செய்நிரல் எழுதியோர் எண்களாலான கட்டளைகளையே நேரடியாக எழுதி அல்லலுற்றனர். இந்தச் சிரமத்தை மனிதன் படுவதற்குப் பதிலாக யந்திரமே படட்டும் என்று துணிந்து, மனிதர் எழுதும் குறிப்பை யந்திரக் கட்டளையாகத் தொகுத்துத் தரும் ஒரு செய்நிரலை 1952-ல் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த கிரேஸ் ஹொப்பர் என்ற பெண்மணி அமைத்தார். 1957-ல் ஐபிஎம் கம்பனியில் ஜோன் பேக்கஸ் தலைமையில் உருவான போர்ட்ரான் வெளிவந்தது. அதன் பின்னர் மொழிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. இன்று நுவரெலியாவிலோ ஹட்டனிலோ ஒரு தனியார் வகுப்பின் விளம்பரப் பலகையைப் பார்த்தால், சி, ஜாவா, பைதன், ஜாவாஸ்கிரிப்ட் என்று நான்கைந்து பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கும். தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் தகப்பனார், இவற்றுள் எது வெளிநாட்டில் அதிகச் சம்பளம் தரும் என்று கேட்கிறார். கேள்வியில் குற்றமில்லை, ஆனால் அது நான்காம் வருஷத்தில் கேட்கவேண்டிய கேள்வி. முதல் வருஷத்தில் கேட்கவேண்டியது, பிள்ளை தான் எழுதியதைத் தானே திரும்பப் படித்து, எங்கே பிழை நேர்ந்தது என்று கண்டுகொள்ளும்படியான மொழி எது என்பதே.

இந்தக் கேள்வியைப் பெரியோர் பலர் ஏற்கனவே கேட்டிருக்கின்றனர். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் கெமனி, தோமஸ் கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள், விஞ்ஞானம் பயிலாத மாணவரும் கணினியைக் கையாளவேண்டும் என்று விரும்பி 1964-ல் பேசிக் என்னும் மொழியைச் சிருஷ்டித்தனர். சிறு பிள்ளைகளுக்கென்று, திரையில் ஓர் ஆமையை நகர்த்திக் கோலமிடச் செய்யும் லோகோ 1967-ல் தோன்றியது. நமது பாடசாலைகளின் கீழ் வகுப்புகளில் கட்டங்களை இழுத்துப் பொருத்திப் பயிலும் ஸ்கிரட்ச் அதன் வழிவந்ததே. பேசிக்கில் பயின்றவர்களுக்கு நல்ல செய்நிரலாக்கத்தைப் போதிப்பது அநேகமாக அசாத்தியம் என்று 1975-ல் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் மிகக் கடுமையாக எழுதினார். அறிஞர்களுக்கும் கோபத்தில் நிதானம் தவறுவதுண்டு. பேசிக்கில் தொடங்கிச் சிறந்த நிபுணர்களானோர் உலகெங்கும் ஏராளம்.

சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரத் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடத்தில் நிக்கிளவுஸ் விர்த் 1970-ல் வெளியிட்ட பஸ்கால் மொழி, ஒழுங்காகச் சிந்திக்கக் கற்பிப்பதையே பிரதான நோக்கமாகக் கொண்டது. ஒவ்வொரு மாறியும் முழு எண்ணா, தசம எண்ணா என்று முன்கூட்டியே பிரகடனம் செய்தாகவேண்டும்; கொழுந்தின் நிறையை முழு எண் என்று சொல்லிவிட்டுப் பின்பு 17.5 என்று கொடுத்தால் பஸ்கால் ஒப்புக்கொள்ளாது. நமது நாட்டில் சாதாரண தரத்துத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பல ஆண்டுகளாக அதைப் போதித்து வந்தனர். மொழிக்குப் பெயர் தந்த பிளேஸ் பஸ்கால், பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் வரி வசூலிக்கும் உத்தியோகத்திலிருந்த தம் தந்தையின் கூட்டல் கழித்தல் சிரமத்தைக் குறைப்பதற்காகவே 1642-ல் ஒரு கணக்கு யந்திரத்தை அமைக்கத் தொடங்கினார் என்பது, கணக்கப்பிள்ளைமார் மிகுந்த நமது பிரதேசத்தவர் ரசிக்கத்தக்க செய்தி. ஆனால் பாடசாலைக்கு வெளியே இன்று பஸ்கால் அருகிவிட்டது; பிள்ளை ஐயம் கேட்க நாடும்போது பதில் சொல்லக்கூடியவர் அக்கம்பக்கத்தில் அபூர்வமாகவே அகப்படுவர்.

உயர்தர வகுப்பில் இப்பாடத்தை எடுப்போர் பயில்வது பைதன். ஆம்ஸ்டர்டாம் நகரக் கணித ஆராய்ச்சி நிலையமொன்றில் பணிபுரிந்த கீடோ வான் ரொசம், 1989-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காகத் தொடங்கி, 1991-ல் வெளியிட்ட மொழி இது. மலைப்பாம்பின் பெயர் என்று பலர் எண்ணுவர். அவர் மனத்திலிருந்ததோ மொண்டி பைதன் என்னும் ஆங்கில நகைச்சுவைக் குழு. முன்னர் அவர் பங்குகொண்டு உழைத்த ஏபிசி என்ற மொழியும் பயில்வோரை மனத்திற்கொண்டு அமைந்தது. அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட மிகச் சிறந்த அம்சம், ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட வரிகளை உள்ளே தள்ளி எழுதவேண்டும் என்ற விதி. மற்ற மொழிகளில் அடைப்புக்குறிகளாலோ, தொடக்கம் முடிவு என்ற சொற்களாலோ காட்டுவதை, இங்கு வரியின் முன்னுள்ள இடைவெளியே காட்டிவிடுகிறது. எனவே ஒழுங்கில்லாமல் எழுதினால் செய்நிரல் ஓடாது. ஓடும் செய்நிரல் பார்ப்பதற்கும் ஒழுங்காயிருக்கும். பைதனுக்கென்று ஒதுக்கிய ஆங்கிலச் சொற்கள் 35 மட்டுமே. அவற்றுள்ளும் ஆரம்ப நிலையில் தேவைப்படுவன பத்துப் பன்னிரண்டுக்கு மேற்படா. 2008-ல் வெளிவந்த அதன் 3-ஆம் பதிப்பிலிருந்து மாறிகளுக்குத் தமிழெழுத்திலேயே பெயரிடலாம். ‘கிலோ’ என்றும் ‘பேர்’ என்றும் தமிழில் பெயரிட்டு ஒரு பிள்ளை எழுதினால் யந்திரம் முகஞ்சுளிப்பதில்லை.

பைதனில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. விசைப்பலகையில் தட்டிக் கொடுக்கும் 21 என்பதை அது எண்ணாகக் கொள்ளாமல் எழுத்துகளின் தொடராகவே கொள்ளும். அதை எண்ணாக மாற்றச் சொல்லாமல் 18-ஐவிடப் பெரிதா என்று ஒப்பிட்டால், பிழை என்று சொல்லி நின்றுவிடும். முதல் வாரத்தில் இந்த இடத்தில் இடறாத மாணவர் குறைவு. ஆயினும் அது நிற்கும்போது எந்த வரியில், எந்தக் காரணத்தால் நின்றது என்பதைச் சொல்லிவிட்டே நிற்கிறது. அந்தப் பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வருவதால் பயந்து, அதை வாசியாமலே ஆசிரியரைக் கூப்பிடும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டு; முதலில் களையவேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான். செய்தியின் கடைசி வரியை எழுத்துக்கூட்டியேனும் வாசித்து, அகராதியைப் புரட்டிப் பொருள் கண்டால், சில மாதங்களுக்குள் திரும்பத் திரும்ப வரும் பிழைச் செய்திகள் அனைத்தும் பழகிய முகங்களாகிவிடும்.

ஆங்கிலம் என்றாலே பின்வாங்கும் பிள்ளைக்கு இன்னொரு வாயில் உண்டு. அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை என்ற தமிழ்ப் பொறியியலாளர் அமைத்து, யாவரும் இலவசமாக எடுத்து உபயோகிக்கும்படி 2013-ல் வெளியிட்ட ‘எழில்’ என்னும் மொழியில் கட்டளைச் சொற்களும் தமிழே. ஓர் உதாரணத்துக்கு, விதித்த அளவு 18 கிலோ என்று கொண்டு (அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும்) நம் கொழுந்துக் கணக்கை அதில் இப்படி எழுதலாம்:

கிலோ = 21
@( கிலோ >= 18 ) ஆனால்
    பதிப்பி "முழுப் பேர்"
இல்லை
    பதிப்பி "அரைப் பேர்"
முடி

பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோன ஒரு கொழுந்தெடுக்கும் தாயும் இதை வாய்விட்டு வாசித்துப் பொருள் சொல்லிவிடுவார் என்பதே இதன் பெருமை. கழிவு எத்தனை கிலோ என்ற வரி இதில் இல்லையே என்று அவரே குறை கண்டுபிடிக்கவுங்கூடும். அவ்வாறு கேட்டால் அவருக்குச் செய்நிரல் விளங்கிவிட்டது என்று கொள்ளலாம். எழிலின் அடித்தளம் பைதனிலேயே எழுதப்பட்டதாகையால், இதிலிருந்து அதற்குச் செல்வதும் சிரமமன்று. ஆனால் எழிலிலேயே நெடுங்காலம் தங்குவதற்கு வேண்டிய நூல்களும், துணைக் கருவிகளும், உடன்பயில்வோரும் இன்னும் போதிய அளவில் இல்லை. பயம் தெளிவதற்கு ஓரிரு வாரம் என்ற மட்டில் அதன் பிரயோஜனம் பெரிது.

மற்றவை பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1972-வாக்கில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய சி, யந்திரத்தின் நினைவகத்தை அறை அறையாகக் கையாளும் வல்லமை தருவது; பொறியியல் பீடத்துக்குச் செல்வோருக்குப் பிற்காலத்தில் இன்றியமையாதது; ஆரம்பத்தில் அதன் பிழைகள் வாய்திறந்து பேசா. 1995-ல் வந்த ஜாவா, ஒரு வணக்கம் சொல்வதற்கே பல வரிச் சம்பிரதாயத்தை நெடுங்காலம் கோரிவந்தது. அதே ஆண்டில் பிரண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவம் கொடுத்த ஜாவாஸ்கிரிப்டுக்கு அவசரத்தில் பிறந்த விநோதங்கள் பல உண்டு. எழுத்தையும் எண்ணையும் சேர்த்துக் கூட்டச் சொன்னால் மறுக்காமல் இரண்டையும் ஒட்டித் தந்துவிடும். எனினும் கைப்பேசியிலுள்ள இணைய உலாவியே அதை நடத்துமாதலால், எழுதியதன் பலனைப் படமாகவும் பொத்தானாகவும் உடனே கண்டு மகிழலாம். இணையப் பக்கம் ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசையே ஒரு பிள்ளையை இத்துறைக்கு இழுத்து வந்ததானால், அதைத் தடுத்து வேறொன்றைத் திணிப்பது விவேகமாகாது.

முதல் மொழியே முடிவான மொழி என்று எண்ணி மயங்குவோருக்கு ஒரு பழைய விஷயத்தை ஞாபகப்படுத்தலாம். 1904-ல் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஒரு சிறு ரயில்பாதை வந்து சேர்ந்தது. கொழும்பிலிருந்து வரும் பிரதான பாதையின் தண்டவாளங்களுக்கிடையே 5 அடி 6 அங்குலம். இந்தக் கிளைப்பாதைக்கு 2 அடி 6 அங்குலந்தான். மலையின் குறுகிய வளைவுகளில் திரும்புவதற்கு ஒடுங்கிய பாதையே ஏற்றது என்பதால் அவ்வாறு அமைத்தனர். ராகலையில் ஏற்றிய தேயிலைப் பெட்டி நானுஓயாவில் இறங்கிப் பெரிய வண்டிக்கு மாறித்தான் கொழும்புக்குச் செல்லவேண்டியிருந்தது. மாறியதனால் தேயிலையின் குணம் குறைந்ததில்லை. மாறி, நிபந்தனை, மீள்செயல், பிழை திருத்தும் பொறுமை ஆகியன ஒரு மொழியில் படிந்துவிட்டால், இரண்டாவது மொழிக்கு அவை அப்படியே ஏறிச்செல்லும். புதிதாகக் கற்கவேண்டியது எழுத்திலக்கணம் மாத்திரமே. நாற்பதுகளில் அந்தச் சிறு ரயில் நின்றுபோயிற்று. கணினி மொழிகளும் அவ்வாறே நின்றுபோவதுண்டு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

வருத்தத்துக்குரிய ஒன்று, இம்மாதத்தில் பைதனும் அடுத்த மாதத்தில் ஜாவாவும் அதற்கடுத்த மாதத்தில் வேறொன்றும் என்று வகுப்பு மாறிக்கொண்டே இருந்து, கையில் சான்றிதழ்கள் சேர்ந்தும், தனியே உட்கார்ந்து இருபது வரி எழுத இயலாமல் நிற்கும் இளைஞர்களின் நிலை. மொழியைத் தவறாகத் தேர்ந்ததால் கெட்டவர்களை நான் அதிகம் காணவில்லை. ஒன்றிலும் நிலைக்காமல் கெட்டவர்களையே காண்கிறேன்.

ஆகையால், உயர்தரத்தில் இப்பாடத்தை எடுக்க உத்தேசித்துள்ள பிள்ளை தயங்காமல் பைதனில் தொடங்கட்டும். சாதாரண தரத்துக்காகப் பஸ்கால் பயில்பவன் அதை வீண் என்று கைவிடாமல் கற்று முடிக்கட்டும். கணினி இல்லாமல் கைப்பேசி மட்டும் உள்ள வீட்டில் ஜாவாஸ்கிரிப்டை உலாவியில் பழகலாம். பைதனையும் இணையத்தின் வழியே கைப்பேசியில் எழுதிப் பார்ப்பதற்கு இலவச வசதிகள் உண்டு. எதைத் தேர்ந்தாலும், வீட்டில் யாரோ ஒருவருடைய ஒரு மாதத்துப் பேர்க் கணக்கை, கழித்த கிலோவையும் கூடுதல் கிலோவையும் சேர்த்து, பிழையில்லாமல் கூட்டிக் காட்டும் செய்நிரல் ஒன்றை எழுதி முடிக்கும்வரையில் அந்த மொழியை விட்டு வேறு மொழிக்கு மாறவேண்டாம்.